நான் படிக்காமல் விட்ட செய்தி

போன மாதம் சிங்கப்பூர் தேக்காவில் ஒரு தம்பி என்னை நிறுத்தி, "அங்கிள், பழைய புத்தகக் கடை போடலாம்னு இருக்கேன், எவ்வளவு முதல் வேணும்?" என்று கேட்டார். காப்பிக் கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினோம். புத்தகம் எங்கே கிடைக்கும், எது விற்கும், எது தூங்கும் என்பதையெல்லாம் சொன்னேன். என்னைக் கவிழ்த்தது எது என்பதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. 2014 முதல் 2018 வரை நான் பட்டதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஏறக்குறைய பத்தாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மிஞ்சியிருக்கும், வீட்டில் மறைத்து மறைத்து வாழ்ந்த நாட்களும் இருந்திருக்காது. அந்தத் தம்பிக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

2003இல், சார்ஸ் தொற்றுநோய் வந்த வருடம், கப்பல் பட்டறையில் என் வேலை போனது. எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. ஆறு மாதம் வேலை தேடி அலைந்துவிட்டு, அப்பா விட்டுப்போன புத்தகங்களை இரண்டு பைகளில் தூக்கிக்கொண்டு சுங்கை ரோடு சந்தைக்குப் போனேன். திருட்டுச் சந்தை என்று சொல்வார்களே, அதுதான். 1930களில் தொடங்கிய சந்தை. வாடகை கிடையாது. மதியம் ஒரு மணிக்கு விரித்து ஏழு மணிக்குச் சுருட்டிவிட வேண்டும். பழைய கடிகாரம், கழற்றிய மின்விசிறி, ஒற்றைக் காலணி, நாணயம் என்று எல்லாம் தரையில் கிடக்கும். நடுவே இரண்டு மீட்டர் தார்ப்பாயில் என் தமிழ்ப் புத்தகங்கள். முதல் நாள் 11 வெள்ளி கிடைத்தது. அப்பாவின் கையெழுத்து இருந்த ஒரு புத்தகத்தை விற்றுவிட்டு அன்று இரவு தூங்க முடியவில்லை. அடுத்த நாளும் போனேன்.

நாள் எப்படிப் போகும் என்றால், காலை ஆறு மணிக்கு எழுந்து காராங் குனிக்காரர்களைப் பிடிக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் புளோக் புளோக்காக ஹாரன் அடித்துக்கொண்டு பழைய செய்தித்தாள் வாங்குகிறவர்கள் அவர்கள். தமிழ் எழுத்து தெரியாது என்பதால் அதை எல்லாம் எடைக்குப் போட்டுவிடுவார்கள். நான்கைந்து பேரிடம் என் எண்ணைக் கொடுத்து, "இந்த மாதிரி எழுத்து பார்த்தால் கூப்பிடுங்கள்" என்று ஒரு அட்டையில் அ, ஆ எழுதிக் கொடுத்திருந்தேன். இது என் அனுபவத்தில் வேலை செய்த வழி. இன்னொரு வழி, வீடு காலி செய்கிற குடும்பங்கள். தாத்தா இறந்திருப்பார், பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வேகமாகப் படிக்க வராது, அலமாரி முழுக்கப் புத்தகம் இருக்கும். அப்படிப் போகும்போது விலை பேசும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து அந்தப் பெரியவரைப் பற்றிக் கேளுங்கள். தந்திரத்துக்காகச் சொல்லவில்லை. அவர்கள் கொடுப்பது குப்பை இல்லை என்று உங்களுக்குத் தெரியும் என்பதை அவர்கள் உணர வேண்டும். நல்ல புத்தகத்தை உள்ளே வைத்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள்கூட அதற்குப் பிறகு முழு அலமாரியையும் தருவார்கள்.

எது விற்கும்? ஞாயிற்றுக்கிழமை தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள் வருவார்கள். அவர்களுக்கு மெல்லிய மாத நாவல், ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கும் புத்தகம், ஊருக்குத் திரும்பி அரசு வேலைத் தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு வினா விடைப் புத்தகம். உள்ளூர்ப் பெரியவர்கள் சித்த மருத்துவம், பஞ்சாங்கம், ஜோதிடம், தேவாரத் திருவாசகப் பழைய பதிப்புகள் கேட்பார்கள். பள்ளிப் பாடநூலை மட்டும் வாங்கிக் குவிக்காதீர்கள். பாடத்திட்டம் மாறினால் மறுநாளே அது எடைக்குத்தான். நான் ஒருமுறை 140 வெள்ளிக்கு ஒரு மொத்தக் கட்டு வாங்கி, இரண்டு வருடம் தூக்கிச் சுமந்து, கடைசியில் அப்படியே காராங் குனியிடம் போட்டேன்.

வாரநாளில் 25 முதல் 40 வெள்ளி, ஞாயிறு 100, 120. என் மனைவி ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்த்தாள். இரண்டும் சேர்ந்து குடும்பம் ஓடியது. 2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் அந்தப் பேருந்து விபத்தும் கலவரமும் நடந்த பிறகு, பல வாரம் ஞாயிறு வியாபாரம் பாதியாகிவிட்டது. எங்கோ எழுதப்படுகிற செய்தி என் தார்ப்பாய் வரைக்கும் வரும் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். புரிந்தும் அதிலிருந்து தவறான பாடத்தையே எடுத்துக்கொண்டேன். எல்லாம் அதிர்ஷ்டம்தான், நம் கையில் ஒன்றும் இல்லை என்று நினைக்கத் தொடங்கினேன்.

கடையில் தினமும் ஒரு தமிழ் முரசு வைத்திருப்பேன், காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய பத்திரிகை. என் அப்பா அதை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை, மரண அறிவிப்பு உட்பட, வாய்விட்டுப் படிப்பார். என் கடைக்கு வருகிறவர்களில் சிலர் வேறு மாதிரி படித்தார்கள். விபத்துப் படத்தைத் தேடி, நொறுங்கிய வண்டியின் எண் தெரிகிறதா என்று கண்ணுக்கு அருகே வைத்துப் பார்ப்பார்கள். ஃபோர் டி வாங்கத்தான்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஃபோர் டி என்பது 0000 முதல் 9999 வரை ஏதாவது நான்கு இலக்க எண்ணை வாங்குவது. இங்கே சட்டப்படி நடக்கிற குலுக்கல்தான். புதன், சனி, ஞாயிறு மாலை குலுக்குவார்கள், 23 எண்களுக்குப் பரிசு. விபத்தான வண்டி, கனவில் வந்த வீட்டு எண், இறந்தவரின் வயது என்று எதிலிருந்தும் எண் எடுப்பார்கள். 2014 ஜூனில், ஒரு வீட்டிலிருந்து வந்த பழைய நாவலுக்குள் மடித்து வைத்த ஒரு ஃபோர் டி சீட்டு கிடைத்தது. எழுத்து மங்கியிருந்தது, எண் மட்டும் தெரிந்தது. புத்தகமே கொடுத்த எண் என்று தோன்றியது. 5 வெள்ளிக்கு 'பிக்' வாங்கினேன், அதாவது 23 பரிசில் எது விழுந்தாலும் பணம் உண்டு. ஆறுதல் பரிசு விழுந்தது. வெள்ளிக்கு 60 வீதம் 300 வெள்ளி. எட்டு, பத்து நாள் வெயிலில் உட்கார்ந்தால் வருகிற பணம்.

அன்றிலிருந்து மூன்று வருடம் செய்தித்தாளை நான் அந்த மாதிரிதான் படித்தேன். ஒரு எண்ணின் நான்கு இலக்கமும் வேறு வேறாக இருந்தால் அதை 24 விதமாக மாற்றி எழுதலாம். எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வெள்ளி, ஆக 24 வெள்ளி. வாரம் மூன்று குலுக்கல், 72 வெள்ளி. மனைவியிடம் வியாபாரம் குறைந்துவிட்டது என்று சொன்னேன். அவள் நம்பினாள். அவள் நம்பியதுதான் எனக்கு அதிகம் வலித்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

இதில் யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. தோற்றுக்கொண்டே இருந்தால் மனிதன் விட்டுவிடுவான். எனக்கு விழுந்துகொண்டே இருந்தது. மூன்று வருடத்தில் 21 முறை விழுந்திருக்கிறது, 60, 250, ஒருமுறை 490. ஏழெட்டு வாரத்துக்கு ஒரு தடவை ஏதோ ஒன்று கைக்கு வரும்போது, நம்மிடம் ராசி இருக்கிறது, பெரியது அடுத்து வரும் என்றுதான் தோன்றும். அந்த ஏழு வாரத்தில் 504 வெள்ளி போயிருக்கிறது என்பது கண்ணில் படாது. போனது சில்லறையாகப் போகிறது, வந்தது நோட்டாக வருகிறது. உங்களுக்கு இந்தப் பழக்கம் இருந்தால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். விழுந்ததை எழுதும் அதே பக்கத்தில், போட்டதையும் தேதியோடு எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டுங்கள். வேறு யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை.

என் கடைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார். நான் சீட்டு வாங்குவதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். பத்தாயிரம் எண்களையும் நீயே ஒவ்வொரு வெள்ளிக்கு 'பிக்' வாங்கினால் உனக்குச் செலவு 10,000. முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, பத்து எண்களுக்கு 250 வீதம் 2,500, பத்து ஆறுதல் பரிசுக்கு 60 வீதம் 600. கூட்டு என்றார். 6,590 வந்தது. "எல்லா நம்பரும் உன்கிட்ட இருந்தாலே மூவாயிரத்து நானூறு நஷ்டம். இருபத்து நாலு நம்பரை வெச்சுக்கிட்டு எப்படிப்பா ஜெயிப்பே?" என்றார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்று மாலை போய் 24 வெள்ளிக்கு வாங்கினேன். கணக்கு தெரியாததால் நான் கெடவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

2016 அக்டோபரில் நடந்ததை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஞாயிறுதோறும் ஒரு தம்பி வருவான், அரியலூர்ப் பக்கம். இரண்டு பாகமாக வந்த ஒரு சரித்திரக் கதையின் முதல் பாகத்தை என்னிடம் வாங்கியிருந்தான். இரண்டாம் பாகம் கிடைத்தால் எடுத்து வையுங்கள் என்று இரண்டு வெள்ளி முன்பணம் கொடுத்தான். விலை ஆறு வெள்ளி என்று பேசியிருந்தோம். அந்த மாதம் ஒருநாள் பத்திரிகையில் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற லாரி மோதிய படம் வந்தது. எண் தெளிவாகத் தெரிந்தது. 24 விதமாகவும் வாங்கினேன். சனிக்கிழமை ஆறுதல் பரிசில் ஒன்று விழுந்தது, 60 வெள்ளி. வீட்டுக்குப் பிரியாணி வாங்கிப் போனேன். மூன்று ஞாயிறு கழித்து அவனோடு வழக்கமாக வரும் கூட்டாளி தனியாக வந்தான். "அவன் ஆஸ்பத்திரியில இருக்கான்ணே, லாரி ஆக்சிடெண்ட், இடுப்பெலும்பு போச்சு, பேப்பர்லகூட வந்துச்சே, நீங்க பாக்கலையா?" என்றான்.

பார்த்தேன். அந்தச் செய்தியின் கீழே எத்தனை பேர் காயம், எந்த மருத்துவமனை என்றெல்லாம் எழுதியிருந்தது. நான் படத்தில் இருந்த நான்கு இலக்கத்தை மட்டும் படித்திருக்கிறேன். அந்தக் கூட்டாளியின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்து புத்தகங்களை அடுக்கினேன். நியாயமாக அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டு வாரம் நிறுத்தினேன். பிறகு மறுபடியும் ஆரம்பித்தேன். அந்தத் தம்பி 2017 தொடக்கத்தில் ஊருக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். இரண்டாம் பாகம் அதற்கு அடுத்த மாதம் ஒரு வீட்டு அலமாரியில் கிடைத்தது.

அதே 2017 பிப்ரவரியில்தான் சுங்கை ரோடு சந்தையின் கடைசி நாள் ஜூலை 10 என்று அறிவித்தார்கள். எல்லாப் பத்திரிகையிலும் வந்த செய்தி அது. என் கடைக் கல்லுக்கு அடியிலேயே இருந்தது. ஐந்து மாத அவகாசம். பக்கத்தில் கடிகாரம் விற்ற சீனப் பெரியவர் மறுவாரமே நல்ல சரக்கைப் பிரித்து, வேறு இடத்தில் மேசை பார்க்கத் தொடங்கிவிட்டார். சிலர் மனு எழுதினார்கள். நான் இரண்டும் செய்யவில்லை. 2011இல் ரயில் நிலைய வேலைக்காகச் சந்தையைப் பாதியாகச் சுருக்கியபோதே, இந்த இடம் நிலைக்காது என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கோ, ஜூலைக்குள் ஒரு முதல் பரிசு விழுந்தால் கடையே வாடகைக்கு எடுத்துவிடலாம் என்ற நினைப்பு. இதை இப்போது எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்போது அது எனக்குத் திட்டமாகவே பட்டது.

இப்படி வாடகை இல்லாத, ஒப்பந்தம் இல்லாத இடத்தில் வியாபாரம் செய்பவர்களுக்குச் சொல்கிறேன். அந்த இடம் நாளைக்கு இருக்காது என்று வைத்துக்கொண்டே இன்றைக்குப் பிழைப்பு நடத்துங்கள். வாடகை மிச்சமாகிற பணத்தில் ஒரு பங்கை, பத்து வெள்ளியானாலும் சரி, தனியாக ஒதுக்குங்கள். அதுதான் நீங்கள் இடம் மாறுகிற செலவு. வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள். பதினான்கு வருடம் உட்கார்ந்த என்னிடம் ஒன்பது பேருடைய எண்தான் இருந்தது. இடம் போனதும் மற்ற அத்தனை பேரும் போய்விட்டார்கள். இன்னொன்று, அஞ்சடியிலோ (கடை வரிசையின் முன் நடைபாதை) புளோக் கீழ்த்தளத்திலோ நாம் பாட்டுக்கு விரித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். உரிமம் இல்லாமல் தெருவில் விற்பது இங்கே குற்றம், சரக்கையும் எடுத்துப்போகலாம். எங்கே மேசை வாடகைக்குக் கிடைக்கும், அனுமதி யாரிடம் வாங்க வேண்டும் என்பதை நகர மன்றத்திலும் சமூக மன்றத்திலும் கேட்டுக்கொண்டுதான் சரக்கை வாங்க வேண்டும்.

ஜூலை 10 திங்கட்கிழமை. எத்தனையோ பேர் புகைப்படம் எடுக்க வந்தார்கள். அன்று 210 வெள்ளி விற்றது, என் வாழ்க்கையிலேயே அதிகம். ஏழு மணிக்குத் தார்ப்பாயைச் சுருட்டியபோது சீனப் பெரியவர் என் தோளைத் தட்டினார், ஒன்றும் பேசவில்லை. என்னிடம் அப்போது 1,600 புத்தகம் இருந்தது. கொஞ்சம் வீட்டில் கட்டிலுக்கு அடியில், மீதி சந்தைக்கு அருகே ஒரு தெரிந்தவரின் கிடங்கில். கிடங்கை அந்த மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னார். மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இதற்கு மேல் எங்கே வைப்பது? கேலாங் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் பின்னறை மாதம் 180 வெள்ளிக்குக் கிடைத்தது, முன்பணம் 360. கையில் பணம் இல்லை. மனைவி ஊரில் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு வந்து பீரோவில் வைத்திருந்த சங்கிலியை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப்போய் 1,400 வெள்ளிக்கு அடகு வைத்தேன். அடகுச் சீட்டை ஒரு புத்தகத்துக்குள் வைத்து, அந்தப் புத்தகத்தை எது என்று மறந்துபோனேன்.

பணம் அவசரம் என்றால் அடகு தப்பில்லை. இங்கே அடகுக் கடை வட்டிக்கு மாதம் 1.5 விழுக்காடு உச்ச வரம்பு. உரிமம் பெற்ற கடன் நிறுவனங்கள் 4 விழுக்காடு வரை வாங்கலாம், கட்டணம் தனி. என் சங்கிலிக்கு மாதம் 21 வெள்ளி வட்டி, ஆறு மாதத்துக்குள் மீட்க வேண்டும், அல்லது வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் நகை கைவிட்டுப் போகும். உரிமம் இல்லாத ஆலோங்கிடம், அதாவது கந்துவட்டிக்காரரிடம், மட்டும் போகாதீர்கள். எனக்கும் ஒருவர் எண் கொடுத்தார், நல்ல வேளை அழைக்கவில்லை. ஆனால் வீட்டில் சொல்லாமல் வைத்தேன் பாருங்கள், வட்டியைவிட அந்தச் சுமைதான் கனத்தது. பீரோ திறக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும்.

கடைவீட்டு அறையில் செய்த தவறுகளை விவரமாகவே சொல்கிறேன், புத்தகம் வைத்திருக்கிற எல்லோருக்கும் உதவும். முதல் தவறு, தரைத்தளம். இரண்டாவது, அட்டைப்பெட்டிகளை நேரே சிமெண்டுத் தரையில், சுவரை ஒட்டி, கூரை வரைக்கும் அடுக்கினேன். சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். சுவரும் தரையும் ஈரத்தை உறிஞ்சும், அட்டை அதை வாங்கிப் புத்தகத்துக்குக் கொடுக்கும். மூன்றாவது, பழைய வீட்டிலிருந்து வந்த கட்டுகளைப் பிரித்துப் பார்க்காமல் மற்றதோடு கலந்தேன். அதில் ஒன்றில் வெள்ளிமீன் பூச்சி இருந்திருக்கிறது. நான்காவது, போய்ப் பார்க்கவில்லை. இரவுக் காவல் வேலை ஒன்று கிடைத்திருந்தது, பகலில் தூங்கினேன். உண்மையில் அந்த அறைக்குப் போனால் நான் தோற்றது கண்முன் நிற்கும் என்பதால்தான் போகவில்லை.

டிசம்பர் முழுவதும் மழை. 2018 ஜனவரி நடுவில் போய்க் கதவைத் திறந்தபோது வாசனையிலேயே தெரிந்துவிட்டது. கீழ் இரண்டு வரிசைப் பெட்டிகள் கூழாகியிருந்தன. வழவழப்புத் தாள் பத்திரிகைகள் செங்கல்லாக ஒட்டிக்கிடந்தன. மேலே இருந்தவற்றில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். 900 புத்தகங்களுக்கு மேல் போயிற்று, நான் வாங்கிய விலையில் கணக்குப் போட்டாலே 1,080 வெள்ளி. அறைக்குச் சேதம் என்று சொல்லி முன்பணத்தையும் உரிமையாளர் திருப்பித் தரவில்லை. எழுதி வாங்கிய ஒப்பந்தம் எதுவும் என்னிடம் இல்லை, நுழைந்த நாளில் அறையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளவும் இல்லை, அதனால் பேச முடியவில்லை.

மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நனைந்த புத்தகத்தை வெயிலில் போடாதீர்கள், தாள் முறுக்கிக்கொள்ளும், அட்டை வெளுக்கும். நிழலில் மின்விசிறிக் காற்றில் விரித்து நிறுத்தி, பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு உறிஞ்சு தாள் வைத்து, தாள் ஈரமாக ஆக மாற்ற வேண்டும். பூச்சி விழுந்ததை நெகிழிப் பையில் இறுகக் கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தேன், அது பலித்தது. எங்கள் வீட்டு உறைபெட்டியில் அப்போது மீனுக்கு இடமில்லை. இப்போது என் புத்தகங்கள் எல்லாம் மூடி போட்ட நெகிழிப் பெட்டியில், தரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கின்றன. நன்றாகக் காய்ந்த பிறகுதான் மூட வேண்டும், ஈரத்தோடு மூடினால் நாமே பூஞ்சணம் வளர்ப்பது போல.

அப்படி உலர்த்திக்கொண்டிருந்த மூன்றாம் நாள் என் மனைவி ஒரு புத்தகத்தைப் பிரித்தவள், கையில் அந்த அடகுச் சீட்டோடு நின்றாள். "இது யாரோட சீட்டு? பழைய ஓனர் வெச்சதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள். சீட்டில் என் பெயர் இருந்தது, அவள் அதைப் படிக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சங்கிலி, நம்பர், வியாபாரம் குறைந்தது என்று சொன்ன பொய், லாரி. அவள் கத்தவில்லை. விற்பனை நோட்டை எடுத்து வரச் சொன்னாள். அதன் கடைசிப் பக்கங்களில் நான் வாங்கிய சீட்டுகளைக் குறித்திருந்தேன், கூட்டியதே இல்லை. இரவு இரண்டு மணி வரை அவள் கூட்டினாள். போட்டது 11,232. வந்தது 3,830. ஏழாயிரத்து நானூற்று இரண்டு வெள்ளி நஷ்டம் என்று பென்சிலால் எழுதி, கீழே ஒரு கோடு போட்டாள். பிறகு கேட்டாள், "இத்தனை நாள் நீங்க மட்டும் எப்படிச் சுமந்தீங்க?" அப்போதுதான் அழுதேன்.

சங்கிலிக்கு ஆறு மாதக் கெடு முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. வட்டி கட்டிப் புதுப்பித்தோம். நல்ல நிலையில் இருந்த பழைய அகராதித் தொகுதியையும் சில அரிய பதிப்புகளையும் ஒரு சேகரிப்பாளருக்கு 600 வெள்ளிக்குக் கொடுத்தேன், மீதியை அவள் தன் சேமிப்பிலிருந்து போட்டாள். மார்ச் கடைசியில் மீட்டோம், மொத்த வட்டி 168. சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668ஐ அவள்தான் எனக்குத் தேடிக் கொடுத்தாள். முதல் தடவை அழைத்துவிட்டு வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை பேசினேன். சந்தை மூடிய பிறகு கையில் காசு இல்லாததால்தான் நான் வாங்குவதை நிறுத்தியிருந்தேன், மனசு நின்றிருக்கவில்லை என்பது அந்தப் பேச்சில்தான் எனக்கே தெரிந்தது. வீட்டில் சொல்ல முடியாதவர்கள் அங்கே முதலில் சொல்லுங்கள்.

இப்போது வார இறுதியில் ஒரு பழைய பொருள் சந்தையில் மேசை போடுகிறேன். 300 புத்தகத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. மேசை வாடகை 35 வெள்ளி போக நாற்பது, ஐம்பது நிற்கும். வந்தவர்களிடம் எண் வாங்கிக்கொள்கிறேன், புதுக் கட்டு வந்தால் படம் எடுத்து அனுப்புகிறேன். காலையில் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறேன், விபத்துச் செய்தி என்றால் பெயர்களை முதலில் பார்க்கிறேன். அதில் ஒரு வண்டி எண் கண்ணில் பட்டால் இன்னமும் ஒரு கணம் நின்றுதான் போகிறது.

அந்த அரியலூர்த் தம்பியின் இரண்டாம் பாகம் வீட்டில் இருந்த பங்கில் இருந்ததால் தப்பித்தது. 2019 பொங்கலுக்கு அவன் கூட்டாளி ஊருக்குப் போனபோது கொடுத்தனுப்பினேன். ஒரு வாரம் கழித்து வீடியோ அழைப்பில் வந்தான். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் ஒரு ஊன்றுகோல். சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறானாம். "பக்கமெல்லாம் சரியா இருக்குண்ணே. ரெண்டு வெள்ளிதான் குடுத்திருந்தேன், பாக்கி நாலு வெள்ளி இருக்கே?" என்றான். பாக்கி ஒன்றும் இல்லை தம்பி என்றேன். அவன் விடவில்லை, கணக்கு கணக்காக இருக்கட்டும் அண்ணே என்றான். கதையின் முடிவைப் படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தான். அதற்குப் பிறகு ஏழெட்டு முறை பேசிவிட்டோம். அந்த அறுபது வெள்ளியைப் பற்றி அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.